நான்காவது ஆள்

அரசாங்கத்துக்கு எந்த மாதிரி நோயாளியை ரொம்பப் பிடிக்கும், தெரியுமா?

குணமாகிற நோயாளியை. கண்ணில் புரை. ஒரு ஆபரேஷன், மறுநாள் கட்டுப் பிரித்தால் பார்வை ரெடி. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை உள்ள குழந்தை. பெரிய ஆஸ்பத்திரியில் சிகிச்சை முடிந்து, அம்மா இடுப்பில் சிரித்துக்கொண்டே வீடு திரும்பும். மந்திரி பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம். கதைக்கு ஆரம்பம் இருக்கிறது, நடு இருக்கிறது, முடிவு இருக்கிறது. சுபம்.

பிடிக்காத நோயாளி ஒருத்தர் இருக்கிறார். போன மாதம் வந்தார். இந்த மாதமும் வந்திருக்கிறார். அடுத்த மாதமும் அதே பிளாஸ்டிக் கவரில் அதே சீட்டுகளை வைத்துக்கொண்டு வருவார். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு, பக்கவாதம் வந்து போன கை. இவருக்கு முடிவு கிடையாது. போட்டோ எடுத்தாலும் போன வருஷம் எடுத்த மாதிரியே இருக்கும்.

குணமாகப் போவதில்லை என்று தெரிந்த ஒருவருக்கு ஒரு சமூகம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறது? அதைவிட முக்கியம், எத்தனை நாளைக்கு?

ஏதோ வேதாந்தக் கேள்வி போல இருக்கிறதா? கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இதற்கு விலாசமே இருக்கிறது. சொல்கிறேன்.

பி.காம். படித்த எல்லோருக்கும் முதல் வருஷத்திலேயே ஒரு பாடம் வரும். செலவு இரண்டு வகை. இயந்திரம் வாங்கினால் மூலதனச் செலவு. அந்த இயந்திரத்துக்கு மாதா மாதம் எண்ணெய் போட்டால் வருவாய்ச் செலவு. முதலாவதற்குத் திறப்பு விழா உண்டு. இரண்டாவதற்கு வவுச்சர் மட்டும்தான். எந்த முதலாளியும் எண்ணெய் டப்பாவுக்கு ரிப்பன் வெட்டியதில்லை. ஆனால் எண்ணெய் போடவில்லை என்றால் என்ன ஆகும் என்று ஓசூர் சிப்காட்டில் எந்த ஃபிட்டரைக் கேட்டாலும் சொல்வார்.

நம் ஊர் சுகாதாரக் கொள்கை ரொம்ப நாளாக இயந்திரம் வாங்குவதிலேயே கெட்டி. கிருஷ்ணகிரிப் பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல வருஷம் அந்தத் தண்ணீரைக் குடித்தால் பல்லில் காவி ஏறும், மூட்டு இறுகும், முற்றினால் முதுகே வளைந்துவிடும். இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தணிப்புத் திட்டம் என்று இருக்கிறது. 2008-ல் அடிக்கல். கர்நாடகத்தோடு தகராறு. ஜப்பான் கடன். சுமார் 1,900 கோடி ரூபாய். 2013-ல் முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார்.

அருமையான திட்டம், சந்தேகமே இல்லை. அடுத்த தலைமுறையின் எலும்பைக் காப்பாற்றுகிற வேலை. ஆனால் குழாயில் காவிரி வந்த அன்று ஏற்கெனவே முதுகு வளைந்திருந்தவருக்கு என்ன கிடைத்தது? நல்ல தண்ணீர் கிடைத்தது. வலி அப்படியே இருந்தது. வளைந்த எலும்பை எந்த ஆறும் நிமிர்த்தாது. அவருக்கு வேண்டியது வாரத்துக்கு ஒருமுறை வந்து மூட்டை அசைத்துவிட ஒரு ஆள், வலி மாத்திரை, ஒரு கைத்தடி. அதற்கு அடிக்கல் நாட்ட முடியாது!

இப்போது ஓசூருக்கு வருவோம்.

ஒரு தொழிலாளியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பெயர் வேண்டாம். நாற்பத்தி மூன்று வயது. பெங்களூருக்குப் போகிற வழியில், அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கம் ஏதோ ஒரு பட்டறையில் வேலை. பெரிய கம்பெனிக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கிற சின்ன கம்பெனி. அதிலும் இவர் கான்ட்ராக்ட். ஒரு வாரம் காலை ஷிஃப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் நைட். கம்பெனியில் கேம்ப் போட்டபோது சுகர், பி.பி. இரண்டும் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றை ஆரம்பித்து, மொத்தமாக மருந்து வாங்கி ஆரம்ப சுகாதார நிலையம் வரை சேர்க்கிற வேலையை நாட்டுக்கே முன்மாதிரியாகச் செய்து காட்டிய மாநிலம் இது. அதனால் மாத்திரைக்குக் காசு வேண்டாம். ஆனால் ஒரு நாள் வேண்டும். புறநோயாளிப் பிரிவு திறந்திருக்கிற நேரத்தில் இவர் லேத் முன்னால் நிற்கிறார், அல்லது நைட் முடிந்து தூங்குகிறார். மாதம் ஒரு நாள் லீவு போட்டால் சம்பளத்தில் ஒரு நாள் போச்சு, அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸும் போச்சு. அப்படியானால் இலவச மாத்திரையின் விலை என்ன? நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

இவர் மூன்று மாதம் போகிறார். நாலாவது மாதம் விட்டுவிடுகிறார். உடம்பு ஒன்றும் செய்யவில்லை. இந்த இரண்டு நோயின் குணமே அதுதான், வலிக்காது. ஆறு வருஷம் கழித்து ஒரு நாள் கால் விரலில் ஒரு புண். ஆறவில்லை.

"ஏம்ப்பா, மாத்திரையை ஏன் நிறுத்தினே?" என்று டாக்டர் திட்டுகிறார்.

"நல்லாத்தானே சார் இருந்தேன்" என்கிறார் இவர்.

இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான்.

ஈ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1948-ல் போட்ட சட்டம், தொழிலாளிக்கு அது ஒரு வரப்பிரசாதம். ஆனால் அதற்கும் ஒரு உச்சவரம்பு. 2017-ல் மாதச் சம்பளம் 15,000 என்று இருந்ததை 21,000 ஆக்கினார்கள். பிறகு பல வருஷம் அது அங்கேயே நின்றது. விலைவாசி நிற்கவில்லை, ஓவர்சீயரின் இன்க்ரிமென்டும் நிற்கவில்லை. சம்பளம் வரம்பைத் தாண்டினால் கொஞ்ச காலத்துக்குத்தான் கார்டு செல்லும். சம்பளம் இருநூறு ரூபாய் ஏறியதற்கு வீட்டில் கேசரி செய்துவிட்டு, கூடவே டயாலிசிஸ் கவரேஜ் போய்விட்டதே என்று கவலைப்படுகிற விசித்திரம் உலகத்தில் வேறெங்கும் உண்டோ என்னவோ!

இன்னொன்று. ஈ.எஸ்.ஐ.யில் சாதாரண நோய்க்கு வருஷத்தில் 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் தருவார்கள். நீண்ட கால நோய் என்றால் நீட்டிக்கப்பட்ட உதவி, 80 சதவீதம், இரண்டு வருஷம்வரை போகலாம். அதற்கு 34 நோய்கள் கொண்ட ஒரு பட்டியல். அதில் சர்க்கரை நோயும் இருக்கிறது. எப்படி இருக்கிறது? கண்ணின் விழித்திரையோ, காலோ, சிறுநீரகமோ பாதிக்கப்பட்ட சர்க்கரை நோயாக இருக்கிறது. சட்டம் எழுதியவர்களைக் குறை சொல்லவில்லை. எல்லா சர்க்கரைக்காரர்களுக்கும் லீவு கொடுத்தால் பாதி தொழிற்சாலையை மூட வேண்டியதுதான். ஆனாலும் கவனியுங்கள். நோய் எந்த இடத்தில் அதிகாரியின் கண்ணுக்குத் தெரிகிறது? கால் போகிற இடத்தில். கால் போகாமல் பார்த்துக்கொண்ட அத்தனை வருஷமும் ஃபைலில் வெற்றிடம்.

முதல்வர் காப்பீட்டுத் திட்டமும் இதே மாதிரிதான். 2009-ல் கலைஞர் காப்பீடு என்று ஆரம்பித்து, 2012-லிருந்து முதலமைச்சர் காப்பீடாக மாறிய அந்தத் திட்டம் எத்தனையோ ஏழைகளின் உயிரைக் காப்பாற்றியது. ஆனால் காப்பீடு என்பதே ஒரு 'சம்பவ'த்துக்காக. ஆபரேஷன் ஒரு சம்பவம். தினம் காலையில் மறக்காமல் ஒரு மாத்திரை போடுவது சம்பவமா? அது வாழ்க்கை.

இந்தப் பின்னணியில்தான் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதியைப் பார்க்க வேண்டும். அன்றைக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி என்ற கிராமத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முன்னால் சொன்னேனே விலாசம், அது இதுதான். வாங்கியது இயந்திரம் இல்லை, கட்டியது கட்டடம் இல்லை. சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கே வரும். நடமாட முடியாதவருக்கு இயன்முறை சிகிச்சையாளர் வருவார். படுத்த படுக்கையானவருக்கு வலி தணிக்கும் நர்ஸ் வருவார். வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்கிறவருக்குத் திரவப் பை வரும். எண்ணெய் டப்பாவுக்கு ரிப்பன் வெட்டிய விழா!

ஏன் அவசியம் வந்தது என்பதற்கு ஒரே ஒரு எண் போதும். 2020-ல் தமிழ்நாட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி ஒரு கணக்கெடுப்பு எடுத்தார்கள். ரத்தக்கொதிப்பு இருப்பவர்களில் அது கட்டுக்குள் இருந்தது எத்தனை சதவீதத்துக்கு? 7.3. சர்க்கரை உள்ளவர்களில் கட்டுக்குள் இருந்தது 10.8 சதவீதம். இத்தனைக்கும் நாட்டிலேயே நல்ல அரசு மருத்துவக் கட்டமைப்பு உள்ள மாநிலம். டாக்டர் உண்டு, மருந்து உண்டு, கட்டடம் உண்டு. ஆனாலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு நோய் இஷ்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது.

திட்டம் வந்தபிறகு, 2023-24-ல் இரண்டாவது சுற்றுக் கணக்கெடுப்பு. ரத்தக்கொதிப்பு 17 சதவீதம், சர்க்கரை 16.7 சதவீதம் கட்டுக்குள். 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதும் வந்தது. இந்த எண்களைப் பார்த்துக் கைதட்டலாம், கொதிப்பில் இரண்டு மடங்குக்கு மேல் முன்னேற்றம். பெருமூச்சும் விடலாம், இன்னும் ஆறு பேரில் ஐந்து பேர் வெளியே. இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் நேர்மை.

சரி, எதிர்க் கேள்விகளுக்கு வருவோம். இந்தத் திட்டம் பற்றிப் பேச்செடுத்தால் படித்தவர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள். மூன்றும் மட்டமான கேள்விகள் இல்லை.

முதல் கேள்வி: "நடக்க முடிஞ்சவனுக்கு எதுக்கு சார் வீட்டுக்கு மாத்திரை? சோம்பேறி ஆக்கறீங்க."

வேல்ஸ் நாட்டில் கிளின்கோரக் என்று ஒரு நிலக்கரிச் சுரங்க கிராமம். 1961-ல் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற டாக்டர் அங்கே போய்ச் சேர்ந்தார். எல்லா டாக்டர்களும் நோயாளி வந்தால் பார்ப்பார்கள். இவர் வராதவர்களைத் தேடினார். ஊரில் உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்த்து எழுதி வைத்தார். வராதவர் வீட்டுக் கதவைத் தட்டினார். அப்படியே இருபத்தைந்து வருஷம். பக்கத்துக் கிராமமும் அதே மாதிரி ஏழைத் தொழிலாளர் கிராமம்தான். அதோடு ஒப்பிட்டால் இவருடைய கிராமத்தில் 65 வயதுக்குள் இறப்பது கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்திருந்தது. புது மருந்து எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. திரும்பத் திரும்பப் போனார், அவ்வளவுதான்.

1971-ல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று உலகப் பிரசித்தம். எங்கே மருத்துவத்தின் தேவை அதிகமோ அங்கேதான் நல்ல மருத்துவம் குறைவாகக் கிடைக்கிறது என்பது அதன் சாரம். ஓசூருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஏ.சி. ரூமில் உட்கார்ந்திருக்கிற மேனேஜருக்கு வருஷா வருஷம் முழு உடல் பரிசோதனை, செலவு கம்பெனியுடையது. ஃபர்னஸ் முன்னால் நிற்கிற கான்ட்ராக்ட் தொழிலாளி ஆஸ்பத்திரிக்குப் போனால் சம்பளம் கட். சோம்பேறி யார் என்பது அப்புறம் இருக்கட்டும், யாருக்கு எவ்வளவு தூரம் என்று முதலில் அளந்துவிடுவோம். 2024-ல் தொழிற்சாலைகளுக்கே போய்ப் பரிசோதிக்கிற 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்று தமிழக அரசு தொடங்கியது இந்தத் தூரத்தைப் புரிந்துகொண்டதால்தான்.

இரண்டாவது கேள்வி: "அவனே இழுத்துக்கிட்ட நோய். பீடி, பிராந்தி, பரோட்டா. நம்ம வரிப் பணத்துல ஏன் பண்ணணும்?"

வாஸ்தவம், பழக்கத்துக்கும் நோய்க்கும் சம்பந்தம் உண்டு. ஆனால் நைட் ஷிஃப்ட் வேலைக்கும் சர்க்கரை நோய்க்கும்கூட சம்பந்தம் உண்டு என்று மருத்துவம் சொல்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு டீயும் பன்னும் சாப்பிட்டு அவர் ஓட்டிய மெஷினில் செய்த பாகம்தான் நம் ஸ்கூட்டரில் ஓடுகிறது. நோயை அவர் இழுத்துக்கொண்டார் என்றால், கயிற்றின் இன்னொரு முனை நம் கையிலும் இருக்கிறது. தவிர, தப்பு செய்தவனுக்கு மருந்து இல்லை என்று ஆரம்பித்தால் ஹெல்மெட் போடாதவனின் மண்டையையும் தைக்கக் கூடாது. அந்த ஊரில் நீங்களும் இருக்க மாட்டீர்கள், நானும் இருக்க மாட்டேன்.

மூன்றாவது கேள்விதான் கஷ்டமானது: "இருக்கிறது கொஞ்சம் காசு. அதைக் குணமாகிறவனுக்குச் செலவு பண்ணலாமா, குணமாகாதவனுக்கா?"

இதற்கு முதலில் கணக்காகவே பதில் சொல்லலாம். சர்க்கரையும் கொதிப்பும் முற்றி சிறுநீரகம் போனால் வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். போக, வர, காத்திருக்க, அசதியில் படுக்க என்று ஒரு நாள் முழுசாகக் காலி. வருஷத்துக்கு 52 வாரம், மொத்தம் 156 நாள். கூடத் துணைக்குப் போகிற மனைவிக்கும் 156 நாள். ஓசூர்க்காரர் சிக்கலான சிகிச்சை வேண்டி பெங்களூருக்குப் பஸ் ஏறினால் அது தனிச் செலவு. இதையெல்லாம் தள்ளிப்போடுகிற மாத்திரை நாளுக்குச் சில ரூபாய். லாப நஷ்டக் கணக்கு எழுதத் தெரிந்த யாரும் மாத்திரையைத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

பெரும்பாலான அறிக்கைகள் இங்கேயே முற்றுப்புள்ளி வைத்துவிடும். 'இன்று ஒரு ரூபாய் செலவழித்தால் நாளை பத்து ரூபாய் மிச்சம்.' எனக்கும் இந்த வாதம் பிடிக்கும், படிப்பு அப்படி. ஆனால் இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. எதையும் மிச்சம் பிடித்துத் தராத நோயாளியை இந்த வாதம் கைவிட்டுவிடும்.

எண்பது வயசு அவ்வா. சூளகிரிப் பக்கம், வீட்டில் பாதி தெலுங்கு பாதி தமிழ் பேசுகிற குடும்பம். இடுப்பு உடைந்து படுக்கையில் இருக்கிறார். எழுந்து நடக்கப் போவதில்லை. இவருக்கு நர்ஸ் போய்ப் படுக்கைப் புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவதால் அரசாங்கத்துக்கு ஒரு பைசா மிச்சமில்லை. உற்பத்தி கூடாது. ஜி.டி.பி. ஏறாது. லெட்ஜரில் இவர் வெறும் பற்று மட்டும்தான். அப்படியானால் போக வேண்டாமா?

போக வேண்டும் என்று உங்கள் மனசு சொல்கிறது இல்லையா? கணக்கு சொல்லாததை மனசு எப்படிச் சொல்கிறது? ஏனென்றால் அந்த அவ்வாவுக்கு நாம் செய்வது முதலீடு இல்லை. புண் நாறாமல், வலி இல்லாமல், தான் மறக்கப்படவில்லை என்று தெரிந்து ஒரு மனுஷி இருக்க வேண்டும் என்பதற்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் போன்றவர்கள் வலி தணிக்கும் சிகிச்சையைத் தொடங்கியபோது இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அக்கம்பக்கத்து ஆட்களையே பழக்கி வீடு வீடாகப் போக வைத்தார்கள். 2008-ல் கேரள அரசு அதை மாநிலக் கொள்கையாகவே ஆக்கியது, இந்தியாவிலேயே முதல் முறையாக. லாபம் வரும் என்று யாரும் அங்கே வாக்குக் கொடுக்கவில்லை. வருவோம் என்று மட்டும் வாக்குக் கொடுத்தார்கள்.

திருவள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரம் எழுதியிருக்கிறார், 95-வது. அதன் கடைசிக் குறளில் மருத்துவத்துக்கு நாலு அங்கம் சொல்கிறார். நோயாளி, டாக்டர், மருந்து. மூன்றோடு முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. பக்கத்திலிருந்து மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்கிற ஆளை நாலாவதாகச் சேர்க்கிறார். வயிற்றுவலிக்கு இந்த நாலாவது ஆள் இல்லாமலே சமாளித்துவிடலாம். ஆயுசுக்கும் கூடவே வருகிற நோயில் முக்கால்வாசி வைத்தியம் இந்த ஆள்தான்.

நம் அரசாங்கங்கள் மருத்துவக் கல்லூரி கட்டி டாக்டரைக் கொடுத்தன. 2022 ஜனவரியில் கிருஷ்ணகிரிக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. கழகம் வைத்து மருந்தைக் கொடுத்தன. நோயாளிக்குக் கார்டு கொடுத்தன. நாலாவது இடம் காலியாகவே இருந்தது. குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டோம். குடும்பம் என்றால் யார்? மகள் அல்லது மருமகள். அவரும் இப்போது காலையில் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறார்.

'மக்களைத் தேடி மருத்துவம்' செய்த பெரிய காரியம் மாத்திரையைக் கொண்டுபோனது இல்லை. மாத்திரையைத் தபாலில்கூட அனுப்பலாம். அந்தக் காலி இடத்துக்கு ஓர் ஆளை நியமித்ததுதான் பெரிய காரியம். மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து ஒரு பெண், அதே ஊர்க்காரர். பி.பி. மெஷினோடு வருவார். வந்தவர் பையைத் திறப்பதற்கு முன்னாலேயே, "என்ன அவ்வா, போன தடவை குடுத்த மாத்திரை அப்படியே இருக்கு?" என்பார். இந்த ஒரு கேள்வியை எந்தப் பெரிய ஆஸ்பத்திரியும் கேட்க முடியாது. அலமாரியில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வீட்டுக்குள் வர வேண்டுமே.

நோய் ஒன்றுக்கு மேல் இருந்தால் இந்த ஆள் இன்னும் முக்கியம். சர்க்கரை ஓர் இடத்தில், கண் ஓர் இடத்தில், சிறுநீரகம் பெங்களூரில், பிசியோதெரபி எங்கேயும் இல்லை. ஒவ்வொரு டாக்டரும் தன் பகுதியைச் சரியாகப் பார்க்கிறார். முழு ஆளையும் தெரிந்தது அந்த பிளாஸ்டிக் கவருக்கு மட்டும்தான். கவரைப் பிரித்துப் பார்க்க ஒருவர் வேண்டும்.

இனிமேல்தான் நம் நெஞ்சைத் தொட்டுப் பார்க்க வேண்டிய இடம். இந்த நாலாவது ஆளுக்கு நாம் என்ன கொடுத்தோம்? திட்டம் ஆரம்பித்தபோது மாதம் 4,500 ரூபாய். அதற்குப் பெயர் சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. அவர் ஊழியர் இல்லை, தன்னார்வலர். இந்தச் சொல் சும்மா வந்ததில்லை. ஊழியர் என்றால் லீவு, பி.எஃப்., பஞ்சப்படி எல்லாம் கேட்பார். தன்னார்வலர் என்றால் நன்றி சொன்னால் போதும். பெண்கள் செய்கிற கவனிப்பு வேலையை வீட்டுக்குள் சும்மா வாங்கிக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வெளியே வந்ததும் பாதி விலைக்கு வாங்குகிறோம். ஆயுசுக்கும் வருவோம் என்று நோயாளிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் உண்டா என்று தெரியாத ஆளை அந்த வாக்கைச் சுமக்கச் சொல்வது என்ன நியாயம்?

எல்லைப் பகுதி என்பதால் இன்னொரு கேள்வியும் உண்டு. மக்களைத் தேடி என்கிறோமே, மக்கள் யார்? ஓசூரைச் சுற்றி வாடகை அறைகளில் ஒடிசாக்காரர், பிகார்க்காரர், ஜார்க்கண்ட் பெண்கள். ஓசூரில் வேலை, எல்லைக்கு அந்தப் பக்கம் வீடு என்று இருப்பவர்கள், இந்தப் பக்கம் வீடு, பொம்மசந்திராவில் வேலை என்று இருப்பவர்கள். கர்நாடக அரசும் 2024-ல் கோலாரில் ஆரம்பித்து 'கிருக ஆரோக்ய' என்று வீடு தேடிப் போகிற திட்டம் கொண்டுவந்தது, நல்ல விஷயம். இரண்டு பக்கமும் தேடுகிறார்கள். இரண்டு பட்டியலிலும் இல்லாதவர் நடுவில் நின்றால்? காலையில் தேடி வரும்போது அவர் ஷிஃப்டில் இருக்கிறார், கதவில் பூட்டு. அவர் உடம்பில் ஏறுகிற சர்க்கரை அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் நிற்பதில்லை.

ஆக, குணமாகாதவருக்கு எத்தனை நாளைக்குக் கடன்பட்டிருக்கிறோம்? அவர் இருக்கிறவரைக்கும். இந்தக் கடனை மொத்தமாக அடைத்துவிட முடியாது, மாதா மாதம் கட்டத்தான் முடியும். 2022 டிசம்பரில் திருச்சிப் பக்கம் சன்னாசிப்பட்டியில் இந்தத் திட்டத்தின் ஒரு கோடியாவது பயனாளிக்கு மருந்து கொடுத்தார்கள். பெரிய எண்தான். முதல் தவணை வாங்கியவர்களின் எண் அது. சாமனப்பள்ளியில் முதல் நாள் மாத்திரை வாங்கியவருக்கு ஐம்பதாவது தடவையும் வந்ததா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய எண். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அதைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்த தடவை உங்கள் தெருவில் பையை மாட்டிக்கொண்டு ஒரு பெண் பி.பி. பார்க்க வந்தால், "எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா" என்று கதவைச் சாத்துவதற்கு முன் ஒரு நிமிஷம். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேளுங்கள். அப்படியே, போன மாதப் பணம் வந்துவிட்டதா என்றும் கேளுங்கள். ஏனென்றால் வருகிற வருஷங்களில் என்றைக்காவது உங்களுக்கும் எனக்கும் அவர் தேவைப்படுவார். அன்றைக்கு அவர் வர வேண்டும். அடுத்த மாதமும் வர வேண்டும்.